இலோனாவின் நெற்றி

ஐந்து நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பற்றி எழுதுகிறேன். பேசாமல் இருப்பது என் சுபாவம் இல்லை. வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த ஐந்து நாளும் ஒரு சொல்லைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன், ஆபீஸ் போனேன்.

என் பெயர் வசந்தகுமாரி. வளைகுடாவில், அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு மார்பிள் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். பெயர்தான் பெரிது. வரைபடம், கடிதம், ஒப்புதல் தாள், ஆட்களின் விசா, லீவ் தாள் எதுவும் தொலையாமல் பார்த்துக்கொள்வதும், தொலைந்தால் திட்டு வாங்குவதும்தான் வேலை. வில்லாக்களுக்குத் தூண், மாடிப்படி, பெரிய ஓட்டல்களுக்கு நீரூற்று என்று செய்யும் கம்பெனி அது. நூற்று நாற்பது ஆண்கள். பெண் என்று பார்த்தால் நானும் ரிசப்ஷனில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும் மட்டும்தான். இந்த வருஷம் ஏழு மாதம் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். கடைசி ஷெட்டில், நீலத் தார்ப்பாய்க்குப் பின்னால், வெள்ளைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஹங்கேரிக்குப் போக வேண்டியவள். அங்கே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். பல வருஷங்களுக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் நாற்பத்தொரு பேர் போய்விட்டார்கள். அவர்கள் நினைவாக ஊர்க்காரர்கள் ஒரு சிலை கேட்டார்கள். கடைசிப் படியில் உட்கார்ந்து, ஒரு கையைக் கல்லில் ஊன்றி, தண்ணீரைப் பார்க்கும் பெண். மாதிரியை வடித்தவர் ஆன்டல் சாலங்கி என்ற சிற்பி. அவருக்கு எண்பத்திரண்டு வயது, இனி பெரிய கல்லில் கை வைக்க முடியாது. அதனால் அவருடைய பிளாஸ்டர் மாதிரியை அளவெடுத்து, மிஷின் கை பாதி குடைந்து, மீதியை எங்கள் ஆட்கள் உளியால் முடிப்பதாக ஏற்பாடு.

எங்கள் ஆட்கள் என்றால் நாகலிங்கமும் அவருடைய செட்டும். கள்ளக்குறிச்சிப் பக்கம். ஊரில் கோயில் சிலை செதுக்கிக்கொண்டிருந்தவர்கள், இங்கே வந்து தூண்களுக்குத் திராட்சைக் கொத்து செதுக்கினார்கள். நாகலிங்கத்துக்கு ஐம்பது வயதிருக்கும். பதினான்கு வருஷமாக இங்கே, தொழிலாளர் கேம்பில் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார், பேசினால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். செட்டில் பாலிஷ் வேலை பார்த்த சுரேஷ்குமார் அவருடைய மச்சினன், மனைவி வீரம்மாளின் தம்பி. முப்பத்தைந்து வயதுக்காரன், ஓயாமல் சிரிப்பவன். சிற்பியின் பெயரைக் கேட்டதும் ‘ஆண்டாள் சார்’ என்று வைத்தவன் அவன்தான். அதற்குப் பிறகு ஷெட்டில் யாரும் சாலங்கி என்று சொல்லவே இல்லை.

எனக்கு அவரோடு வேறு ஒரு வேலை இருந்தது. சிலையோடு ஒரு சின்னப் புத்தகம் அனுப்ப வேண்டும், சிற்பியின் வாழ்க்கையும் பொதுப்பணிகளும் என்று. “நீங்க நல்லா இங்கிலீஷ் எழுதுவீங்க” என்று ஜெனரல் மேனேஜர் அனந்தகிருஷ்ணன் அதை என் தலையில் கட்டினார். வாரம் ஒரு நாள் வீடியோவில் சாலங்கியோடு பேசினேன். அவருக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை, எனக்கும் இல்லை. அதனால் இருவரும் அவசரமில்லாமல் பேசினோம்.

பதினோரு ஊர்களில் அவருடைய சிலைகள் நின்றன. இப்போது நிற்பவை ஏழு. கூடப் படித்தவர்கள் எல்லாம் இரும்பை முறுக்கிப் பற்றவைத்துப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் பழைய கிரேக்கச் சிற்பங்களின் வழியில் மடிப்பு மடிப்பாக ஆடையும் வழுவழுப்பான முகமும் கருவிழி இல்லாத கண்களுமாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். இருநூறு வருஷம் தாமதமாகப் பிறந்தவர் என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தனவாம். நிலக்கரி ஊர் ஒன்றில் குடம் ஏந்திய பெண், ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ், ஒரு நூலகத்தின் முகப்பில் படிக்கும் பெண்கள் வரிசை. கட்சி ஆபீஸ் முன்னால் கோதுமைக் கட்டோடு நின்றவளை, ஆட்சி மாறிய வருஷம் கயிறு கட்டி இழுத்துப் போட்டார்கள். ஒரு விவசாயி எடை போட்டு வாங்கிப்போய்க் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாராம். “அவள் அங்கே சந்தோஷமாக இருக்கிறாள்” என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், “இந்த முகம் யாருடையது?” என்று கேட்டேன். புத்தகத்துக்கு வேண்டியிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் மனைவி. இலோனா. இரண்டு வருடத்துக்கு முன்னால் போய்விட்டாள். இதை எழுதாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் அந்த முகத்தில் தங்கள் ஆட்களைப் பார்க்க வேண்டும். என் ஆளை அல்ல.”

நான் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் மனசுக்குள் இலோனா என்றுதான் கூப்பிட்டேன்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருஷமும் கடைசி ஷெட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமில்லாமல் நடக்கும். சூடம் இல்லை, மணி இல்லை. கிரைண்டர், காற்றில் ஓடும் சுத்தியல், உளி, அரம் எல்லாவற்றையும் துடைத்து ஒரு பலகையில் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரியும் சுண்டலும் பங்கு போடுவார்கள். அனந்தகிருஷ்ணனும் வந்து ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு போவார். குங்குமமும் சந்தனமும் என் வீட்டிலிருந்து போகும். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, குங்குமத்தில் சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் கொண்டுபோவேன். அப்போதுதான் இரும்பில் ஒட்டும்.

அன்று எல்லாரும் கை கழுவ வெளியே போனார்கள். தட்டை எடுத்து வைப்போம் என்று நான் உள்ளே நின்றேன். தார்ப்பாய் பாதி விலகியிருந்தது. வேலை அநேகமாக முடிந்துவிட்டது, திங்கட்கிழமை சாலங்கி நேரில் வந்து பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வெறும் நெற்றி. அவ்வளவுதான் நான் பார்த்தது.

உறையூரில் என் பெரியம்மா இறந்தபோது நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்தார்கள். பெரியப்பாவின் விரலைப் பிடித்து வைக்க வைத்தார்கள். புருஷன் இருக்கும்போது போகிறவள் அப்படித்தான் போக வேண்டும். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் இத்தனை வருஷம் பேசிவந்திருக்கிறேன், பிள்ளையிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மனுஷன் அங்கே உயிரோடு இருக்கிறார், இவள் இப்படி மூளியாகப் போகிறாளே என்று இருந்தது. யோசிக்கவே இல்லை. மோதிர விரலில் தொட்டு, அவள் புருவங்களுக்கு நடுவே வைத்துவிட்டேன்.

நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் உறைத்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். போகவில்லை. தண்ணீர் பாட்டிலில் நனைத்துத் தேய்த்தேன். இத்தனை வருஷம் மார்பிள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தெரியாதா, வெள்ளைக் கல் குடிக்கும் என்று? தேய்க்கத் தேய்க்க எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்கின. பொட்டாக இருந்தது தழும்பு போல ஆயிற்று. வெளியே பேச்சுக் குரல் கேட்டது. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, போய் எல்லாரோடும் சுண்டல் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷெட்டிலிருந்து போன் வந்தது. போனபோது அனந்தகிருஷ்ணன் சிலைக்கு முன்னால் நின்றிருந்தார். செட்டு ஆறு பேரும் சுவரோரம் நின்றார்கள். நாகலிங்கம் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து நெற்றியில் அப்பி, மேலே பிளாஸ்டிக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். கறையை உறிஞ்சி எடுக்க அதுதான் வழி. முந்தின சாயங்காலமே பார்த்து, இரவோடு இரவாக இரண்டு முறை வைத்து எடுத்தாயிற்றாம். சிவப்பு, இளஞ்சிவப்பாகியிருந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

“செதுக்கி எடுத்தா?” என்றார் அனந்தகிருஷ்ணன்.

“ரெண்டு மில்லியாச்சும் எடுக்கணும் சார். புருவம் மாறும், மூக்கு தூக்கலா தெரியும். மூஞ்சியே வேற மூஞ்சி ஆயிடும்.”

“யார் வச்சது?”

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“பூஜை போட விட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும். கிரைண்டருக்கு வைக்கிறீங்க, சரி. சிலைக்கு எதுக்குய்யா? பொம்மையப் பாத்தா போதும், உடனே சாமியாக்கிடணும் உங்களுக்கு! யார் வச்சது? ஒரு பேரைச் சொல்லு நாகலிங்கம், மத்தவங்கள விட்டுடறேன்.”

நாகலிங்கம் கையிலிருந்த களிமண்ணைத் துணியில் துடைத்தார். ஆறு பேரின் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேடம் வைத்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே முடியாது.

“பூசை போட்டது நான் சார். என் செட்டு. என் பேரையே போட்டுக்குங்க.”

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று எழுதலாம், ஆனால் அது பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் ஸ்ரீகாந்துக்கு மே மாதம் வேலை போய்விட்டது. இப்போது அவரும் பையன் நிதினும் என் விசாவில் இருக்கிறார்கள். நிதினுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. நான் போனால் மூன்று பேரும் போக வேண்டும்.

“வசந்தகுமாரி, ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட் போட்டுடுங்க” என்றார் அனந்தகிருஷ்ணன், என்னோடு நடந்துகொண்டே. “இவங்கள வச்சுக்கிட்டு என்ன பண்றது சொல்லுங்க? கேம்ப் புத்தி. நீங்களும் நானும் சொன்னா புரியவா போகுது?”

அந்த ‘நீங்களும் நானும்’ எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. ரிப்போர்ட்டையும் எழுதினேன். ஒரு பக்கம். தொழிலாளர்கள் அனுமதியில்லாமல் நடத்திய சடங்கில் சிற்பத்துக்குச் சேதம் என்று, நல்ல ஆங்கிலத்தில். மேற்பார்வையாளர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று கடைசி வரி.

சாயங்காலம் ஸ்ரீகாந்திடம் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அந்த ஆளுக்கு வேற எடத்துல வேல கெடைக்கும்ல?” என்றார்.

“அம்பது வயசு.”

“மார்ச் வரைக்கும் பொறு வசந்தா. நிதின் எழுதி முடிக்கட்டும். அப்புறம் போய் யார்ட்ட வேணா சொல்லு.” பிறகு, என்னைப் பார்க்காமல், “எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?” என்றார்.

உள்ளேயிருந்து நிதின் சாப்பாடு ரெடியா என்று ஆங்கிலத்தில் கேட்டான். தோசை ஊற்றப் போனேன்.

வெள்ளிக்கிழமை நாகலிங்கத்தின் விசா ரத்துத் தாளை நான்தான் ஃபைலில் வைத்தேன். அவர் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டார். உளிக் கை, பேனா பிடிக்கச் சிரமப்பட்டது. “வரேன் மேடம். புள்ள நல்லா எழுதட்டும்” என்றார். நிதினுக்குப் பரீட்சை என்று என்றைக்கோ நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து திருச்சி விமானத்தில் அவரை ஏற்றிவிட்டார்கள். பதினான்கு வருஷம், இரண்டு பெட்டி.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு சாலங்கி வந்தார். வீடியோவில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் தொப்பி. ஷெட்டுக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அதன் பிறகு போடவே இல்லை.

சிலையைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கல்லில் ஊன்றிய கையின் முன்னால் நின்று, குனிந்து, மணிக்கட்டைத் தன் விரல்களால் மெதுவாகத் தடவினார். அவருடைய மாதிரியில் அந்த மணிக்கட்டு வழுவழுப்பாகத்தான் இருக்கும். நாகலிங்கம் அதில் பாரம் தாங்கும் நரம்பை மயிரளவு எழுப்பியிருந்தார்.

“இந்தக் கையைச் செதுக்கியவர் யார்?” என்று கேட்டார். “நான் அவரைப் பார்க்க வேண்டும்.”

“லீவில் ஊருக்குப் போயிருக்கிறார்” என்றார் அனந்தகிருஷ்ணன், புன்னகையோடு.

சாலங்கி தலையாட்டினார். நிமிர்ந்தார். நெற்றியைப் பார்த்தார். தடியைச் சுரேஷ்குமாரிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே போனார். சுரேஷ்குமாரின் முகத்தை அப்போதுதான் கவனித்தேன். ஐந்து நாளாக அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. அக்கா புருஷன் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

“இது என்ன?”

அனந்தகிருஷ்ணன் தயாராக இருந்தார். தொழிலாளிகளின் மூடநம்பிக்கை என்றார், பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்றார், செலவு முழுவதும் எங்களுடையது என்றார். கிழவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த மங்கலான இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

என் வாய் திறந்துகொண்டது. ஸ்ரீகாந்தையோ நிதினையோ மறந்துவிட்டேன் என்று இல்லை. லீவ் என்ற அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. பதினான்கு வருஷத்தில் அந்த மனுஷன் எத்தனை லீவ் எடுத்தார் என்று என் ஃபைலில் இருக்கிறது.

“நான்தான் வைத்தேன்” என்றேன், ஆங்கிலத்தில். “தொழிலாளிகள் யாருக்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஊரில், கணவன் உயிரோடு இருக்கும்போது மனைவி இறந்துபோனால், அவள் நெற்றியில் சிவப்பு வைத்துத்தான் அனுப்புவோம். மரியாதை அது. நீங்கள் இருக்கிறீர்கள். அவள் ஒன்றுமில்லாமல் போகிறாளே என்று தோன்றியது. மன்னித்துவிடுங்கள். நீங்கள் எழுத வேண்டாம் என்றதையும் சொல்லிவிட்டேன்.”

அனந்தகிருஷ்ணன் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை. சாலங்கி திரும்பவில்லை. அவர் தோள் மட்டும் அசைந்தது. பிறகு பேசினார்.

“நான் அவள் கண்களை மூடினேன். ஒரு கைக்குட்டையால் தாடையைக் கட்டினேன். பிறகு வண்டி வந்தது. வேறு எதுவும் நாங்கள் செய்யவில்லை.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதைத் தொடாதீர்கள். இப்படியே அனுப்புங்கள். வெயிலும் மழையும் என்ன செய்யுமோ செய்யட்டும்.”

என் கையைப் பிடித்துக்கொண்டார். காகிதம் போலிருந்தது அந்தக் கை. பிறகு அனந்தகிருஷ்ணனிடம் திரும்பி, “இவர் வைத்தார் என்றால், அந்தக் கையைச் செதுக்கியவர் மீது ஏன் நடவடிக்கை?” என்று கேட்டார். கிழவர் எல்லாவற்றையும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அனந்தகிருஷ்ணன் அது ஒரு தவறான புரிதல், சரிசெய்துவிடுவோம் என்றார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார். எண்பத்திரண்டு வயது, இரவெல்லாம் பயணம். கார்க் கதவைத் திறந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு அனந்தகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டார். ஸ்ரீகாந்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, பையையும் எடுத்துக்கொண்டே போனேன்.

“உக்காருங்க” என்றார். முகமெல்லாம் மலர்ச்சி. “முதல்லயே சொல்லியிருக்கலாமே! நான் என்னமோன்னு பயந்துட்டேன். என்ன ஒரு ஃபீலிங்! சாப்பாடு பூரா உங்களப் பத்தியேதான் பேசறார் மனுஷன். இத புக்லெட்ல போடுங்க. ரெண்டு கல்ச்சர், ஒரு சிலை. அப்ரூவல்ல கையெழுத்துப் போட்டுட்டார், தெரியுமா?”

“நாகலிங்கம் விஷயம், சார்?”

“ஆமா, பாவம். ஆனா விசா கேன்சல் ஆயிடுச்சே. கலாஸ், முடிஞ்சுபோச்சு. இனிமே புதுசா அப்ளை பண்ணணும், அம்பது வயசுக்கு ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. பாக்கலாம். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க.”

“என் மேல ரிப்போர்ட்?”

“எதுக்கு?” என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

நாகலிங்கம் வைத்தால் அது கேம்ப் புத்தி. நான் வைத்தால் கல்ச்சர். அதே குங்குமம், அதே கல். தண்டனைக்குப் பையை எடுத்துக்கொண்டு போனவளைப் பாராட்டி அனுப்பினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை. ஆபீஸ் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

நாகலிங்கத்தின் ஃபைல் இன்னும் என் மேஜையில்தான் இருந்தது. ஊர் நம்பர் அதில் இருந்தது. பார்க்கிங்குக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

“யாரு?”

“நாகலிங்கம், நான் வசந்தகுமாரி. ஆபீஸ்லேர்ந்து.”

“சொல்லுங்க மேடம். எதுனா கையெழுத்து விட்டுப்போச்சா?”

“அதெல்லாம் இல்ல. அந்தப் பொட்டு… சிலைக்கு வச்சது நான். உங்க ஆளுங்க யாரும் இல்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். உங்க வேலைக்கு என்னால ஆனத…”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“நீங்களா மேடம்?”

“ஆமா.”

“அப்ப… சுரேசு இல்லியா?”

“இல்ல. ஏன்?”

“அவன்தான் அன்னிக்குக் கடைசியா உள்ள போயி தட்டக் கழுவி எடுத்தாந்தான். அவன் வேலதான்னு நெனச்சிட்டேன் மேடம். நான் இல்ல மாமா, நான் இல்ல மாமான்னான். கேம்ப்ல அத்தன பேர் முன்னாடி கன்னத்துல அறைஞ்சேன். செத்துப்போன அவங்க அம்மா மேல சத்தியம் பண்ணான். பெத்தவ மேலயே பொய்ச்சத்தியம் பண்றியாடான்னு காறித் துப்பிட்டேன்.” மூச்சு வாங்கினார். “ஏர்போர்ட்டுக்கு வந்தான் மேடம். நான் அவன் மூஞ்சப் பாக்காமயே உள்ள போய்ட்டேன்.”

என்னிடம் தயாராக இருந்த வார்த்தைகள் எல்லாம் வேலையைப் பற்றி, விசாவைப் பற்றி.

“ஊட்லயும் சொல்லிட்டேன், உன் தம்பியாலதான் வந்துட்டேன்னு. காலையிலேர்ந்து அவன் போன் பண்றான், இவ எடுக்க மாட்டேங்கறா. எனக்குத் தம்பியே இல்லன்னு சொல்லிட்டா.” போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கூப்பிட்டார், “வீரம்மா! ஏ வீரம்மா! இங்க வா.” பிறகு என்னிடம், “நான் சொன்னா மனசு ஆறாது மேடம். நீங்களே சொல்லுங்க. அவ காதால கேக்கட்டும்.”

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

“யாருங்க?” என்றது ஒரு பெண் குரல்.

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

“என் தம்பி இல்லியே?”

“இல்லம்மா.”

“அவன் தொடலியே?”

“தொடவே இல்ல.”

“எதுக்கும்மா வச்சீங்க?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

காலையில் அந்தக் கிழவரையே அழவைத்த காரணம். அனந்தகிருஷ்ணன் புத்தகத்தில் போடச் சொன்ன காரணம். தம்பியே இல்லை என்று இவளைச் சொல்லவைத்த பொட்டுக்கு அதைக் காரணம் என்று இவளிடம் சொல்ல வாய் கூசியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இன்னொரு முறை கேட்டாள்.